பழைய வீட்டை இடிக்காமல் பின்னால் இரண்டு அறை சேர்ப்பது எப்படி

தரைதளம் மட்டுமே உள்ள வீடு. 9 அங்குலச் சுவர், பின்னால் கிணறும் ஒரு வேப்பமரமும். மகனுக்குக் கல்யாணமாகி இடம் போதவில்லை என்றதும் பெரும்பாலான குடும்பங்களில் இரண்டு யோசனைதான் வரும்: இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது, அல்லது மேலே ஒரு மாடி எழுப்புவது. முதலாவதில் இன்னும் நாற்பது ஐம்பது வருஷம் நிற்கக்கூடிய செங்கல்லும் தேக்கும் குப்பை லாரியில் ஏறும். இரண்டாவதில் எந்தச் சுமைக்காகப் போடப்பட்டது என்றே தெரியாத அஸ்திவாரத்தின் தலையில் இன்னொரு வீடு உட்காரும். பின்பக்கம் காலி இடம் இருந்தால் மூன்றாவது வழி ஒன்று உண்டு. 12-க்கு 14 அடியில் ஓர் அறை, 10-க்கு 12-ல் இன்னொன்று, ஒரு குளியலறை, நடுவில் ஒரு இணைப்பு நடை. கூரைப் பரப்பு மொத்தம் சுமார் 500 சதுர அடி. இந்த அளவை வைத்தே கீழே கணக்குகள் சொல்கிறோம்.

எந்த முடிவெடுத்தாலும் ஒன்றை விட்டுக்கொடுக்காதீர்கள். புதுக்கட்டடம் பழையதன் மேல் சாயக்கூடாது. பக்கத்தில் தன் காலில் நிற்க வேண்டும். சேர்த்துக் கட்டிய வீடுகளில் வரும் விரிசல், ஒழுகல், ஓதம் (சுவரில் ஏறும் ஈரம்) முக்கால்வாசியும் இதை மறந்ததால் வருபவை.

முதலில் பழைய வீட்டைப் பாருங்கள்

வரைபடம் போடுவதற்கு முன் வீட்டைச் சோதிக்க ஒரு சாவி, ஒரு கடப்பாரை, ஒரு கண்ணாடித் துண்டு போதும்.

பின்பக்கச் சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கல்லுக்கு நடுவே உள்ள கலவையைச் சாவி முனையால் சுரண்டுங்கள். கீறல் மட்டும் விழுந்தால் சிமென்ட் கலவை. வெள்ளையாகத் தூள் வந்தும் இறுக்கமாக இருந்தால் சுண்ணாம்பு. மண்ணாகக் கொட்டினால் அது மண் கலவை. அந்தச் சுவரில் புது உத்தரமோ பீமோ எதுவும் ஏற்றக்கூடாது.

சுவரை ஒட்டி 3 அடிக்கு 3 அடி குழி ஒன்று தோண்டி, அஸ்திவாரம் எவ்வளவு ஆழத்தில் முடிகிறது, கருங்கல்லா செங்கல்லா, கீழே என்ன மண் என்று பாருங்கள். செம்மண்ணோ சரளையோ என்றால் நிம்மதி. கரிசல் என்றால் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். அங்கே சாதாரண அஸ்திவாரம் போடாமல், மண் பரிசோதனை செய்து அண்டர்ரீம்டு பைல் (ஆழத்தில் அடி அகன்ற கான்கிரீட் தூண்) தேவையா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடம் கேளுங்கள். பார்த்து முடித்த குழியை அப்படியே விட்டுவிடாமல் அன்றே அடுக்கடுக்காகத் திமிசு போட்டு மூடிவிடுங்கள்.

ஏற்கெனவே விரிசல் இருந்தால் அது நின்றுபோன விரிசலா, இன்னும் நகர்கிறதா என்பது தெரிய வேண்டும். மூன்று அங்குல நீளமுள்ள மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனைகளை மட்டும் ஒட்டி, பக்கத்தில் தேதியைப் பென்சிலால் எழுதுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்தும் கண்ணாடி முழுசாக இருந்தால் விரிசல் நின்றுவிட்டது, பூசிக்கொள்ளலாம். கண்ணாடி உடைந்திருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பக்கத்தில் மண்வெட்டி போடாதீர்கள். பல வீடுகளில் காரணம் கூரைத் தண்ணீர் ஒரே மூலையில் விழுந்து மண்ணை ஊறவைப்பதுதான். ஒரு குழாய் வைத்துத் தண்ணீரைத் திருப்பினாலே சரியாகிவிடும்.

தரைமட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில், ஒரு காலத்தில் மூன்று படி உயரத்தில் இருந்த வீடுகள் இப்போது தெருவுக்குக் கீழே இருக்கின்றன. டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வைத்துத் தெருவின் நடு, வீட்டுத் தரை, பின்பக்க மண் மூன்றையும் குறித்தால், புதுத் தரை எந்த மட்டத்தில் வர வேண்டும் என்பது அங்கேயே முடிவாகிவிடும். உயர்த்த வேண்டியிருந்தால் முழுசாக ஒரு படி, 6 அங்குலம், உயர்த்துங்கள். ஒன்றரை அங்குலம் இரண்டு அங்குலம் என்று விட்டால் கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் விழுவது உறுதி.

சேர்ப்புக் கட்டுமானத்துக்கும் அனுமதி வாங்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி பக்கவாட்டிலும் பின்னாலும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதைப் பார்த்த பிறகே அறை அளவை முடிவு செய்யுங்கள்.

வெயிலும் காற்றும் எந்தப் பக்கம்

நம் ஊரில் சூடு ஏறுவது கூரையிலிருந்தும் மேற்குச் சுவரிலிருந்தும்தான். குளியலறை, துணி அலமாரி, சாமான் அறை இவற்றை மேற்கில் வைத்தால் படுக்கையறைக்கு அவை குடை. தெற்கு ஜன்னலைப் பற்றிப் பயப்பட வேண்டாம்: சென்னையில் டிசம்பர் நடுப்பகல் வெயில்கூட 50 டிகிரிக்கு மேல் உயரத்திலிருந்துதான் வரும், இரண்டரை அடி சன்ஷேடு 3 அடி ஜன்னலை முழுசாக நிழலில் வைத்துவிடும். மாலை வெயில் சாய்வாக வருவதால் மேற்கில் எந்த சன்ஷேடும் வேலைக்காகாது. அங்கே வேப்பமரம் இருந்தால் அதை வெட்டாமல் அறையை நகர்த்துங்கள். எந்த இன்சுலேஷனும் அந்த நிழலுக்கு ஈடாகாது.

காற்று ஊருக்கு ஊர் வேறு. சென்னையில் பிற்பகலில் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வரும். கோயம்புத்தூரில் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும். காற்று வரும் பக்கம் ஜன்னல் தாழ்வாகவும், வெளியேறும் பக்கம் உயரத்தில் ஒரு வென்டிலேட்டரும் இருக்கட்டும்.

பழைய வீட்டின் பின்சுவரில் ஏற்கெனவே ஜன்னல்கள் இருக்கும். புது அறையைச் சுவரோடு ஒட்டிக் கட்டினால் அவை எல்லாம் அடைபட்டு, நடுவில் இருக்கும் பழைய அறை பகலிலும் லைட் போடும் அறையாகிவிடும். அதனால்தான் நடுவில் நாலரை அடி நடை ஒன்றை விடச் சொல்கிறோம். அந்த இடைவெளி வெளிச்சம் தரும், காற்றுக்கு வழி தரும். இரண்டு கட்டடமும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான்.

அஸ்திவாரம்

பழைய வீடு ஐம்பது வருஷத்தில் இறங்க வேண்டிய அளவு மண்ணில் இறங்கி முடித்துவிட்டது. புதுக்கட்டடம் இனிமேல்தான் இறங்கும், அதிலும் முதல் ஒன்றிரண்டு மழைக்காலத்தில்தான் அதிகம். இரண்டையும் கம்பி போட்டு, பல் கட்டி (ஒரு சுவரின் கல்லை மறுசுவருக்குள் செருகி) இணைத்துவிட்டால் இறங்கும் கட்டடம் இறங்காத கட்டடத்தை இழுக்கும். சேரும் இடத்தில் கோணலாக ஒரு விரிசல் ஓடும். அது கலவையின் குறையல்ல. எத்தனை முறை பூசினாலும் திரும்ப வரும்.

புது அஸ்திவாரத்தை முடிந்தவரை பழையதன் மட்டத்திலேயே நிறுத்துங்கள். பழையது 3 அடியில் நின்று, நல்ல மண் 5 அடியில்தான் கிடைக்கிறது என்றால் வித்தியாசம் 2 அடி; இரண்டு அஸ்திவார விளிம்புகளுக்கும் நடுவே குறைந்தது அந்த 2 அடி தூரமாவது இருக்க வேண்டும். களிமண்ணாகவோ மணலாகவோ இருந்தால் இன்னும் தள்ளிப் போங்கள். நாலரை அடி நடை விட்டிருந்தால் இந்தப் பிரச்சினை தானாகவே தீர்ந்துவிடும். பழைய சுவரை ஒட்டித்தான் தோண்டியாக வேண்டும் என்றால் முழு நீளத்தையும் ஒரே நாளில் திறக்காதீர்கள். நாலு நாலு அடியாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்று தோண்டி, கட்டி மூடிய பிறகு நடுவில் விட்டதைத் தோண்டுங்கள். மழை நாளில் இந்த வேலையைத் தொடவே கூடாது. தை மாதம் தொடங்கினால் சித்திரைக்குள் கூரை போட்டு, ஐப்பசி மழைக்கு முன் பூச்சும் முடிந்திருக்கும்.

பேஸ்மென்ட் மட்டத்தில், அதாவது அஸ்திவாரம் முடிந்து சுவர் தொடங்கும் இடத்தில், ஓதத்தடுப்பு அடுக்கைத் தவறவிடாதீர்கள். ஒன்றரை அங்குல கான்கிரீட்டில் வாட்டர் புரூஃபிங் கலவை சேர்த்து, சுவரின் முழு அகலத்துக்கும் விடாமல் போட வேண்டும். குளியலறைக் குழாய்க்காக அதைக் குத்தி உடைப்பதுதான் அடிக்கடி நடக்கிறது. குழாய் போகும் இடத்தில் முன்பே ஸ்லீவ் (சற்றுப் பெரிய உறைக்குழாய்) வைத்துவிடுங்கள்.

சுவர்: ராட் ட்ராப் கட்டு

திருவனந்தபுரத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் கேரளம் முழுக்கப் பரப்பிய முறை இது. செங்கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்திக் கட்டுவார்கள். வெளியே ஒரு கல், உள்ளே ஒரு கல், நடுவில் 3 அங்குல வெற்றிடம், பிறகு குறுக்கே ஒரு கல். சுவர் அதே 9 அங்குலம்தான். 100 சதுர அடிச் சுவருக்கு வழக்கமான கட்டில் சுமார் 910 கல் வேண்டும். இதில் சுமார் 690 போதும். கலவையும் குறையும். நடுவில் நிற்கும் காற்று வெயிலின் சூட்டை மெதுவாகவே உள்ளே விடும்.

கல் ஒரே அளவாக, விளிம்பு உடையாமல் இருந்தால் மட்டுமே இதை எடுங்கள். சேம்பர் செங்கல், வயர்கட், ஃப்ளை ஆஷ் கல் மூன்றும் சரி. கோணல்மாணலான நாட்டுச் செங்கல்லில் ஒவ்வொரு வரிசையும் அலைபாயும், அதைச் சரிக்கட்டக் கொத்தனார் கலவையைக் கொட்டுவார், மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும்.

பேஸ்மென்ட்டுக்கு மேல் முதல் வரிசை, ஜன்னல் அடிமட்ட வரிசை, லிண்டலுக்கு (கதவு, ஜன்னல் மேல் வரும் கான்கிரீட் உத்தரம்) கீழே, கூரைக்குக் கீழே, இந்த இடங்களில் எல்லாம் வெற்றிடம் இல்லாமல் முழுக் கட்டாகவே வர வேண்டும். கதவு, ஜன்னல் ஓரங்களும் மூலைகளும் அப்படியே. ஏ.சி. வெளி யூனிட், அலமாரி, கனமான தொங்கு சாமான் எங்கே வரும் என்று முன்பே குறித்து, அந்த இடத்து வெற்றிடத்தில் கான்கிரீட் நிரப்புங்கள். இல்லாவிட்டால் மூன்று அங்குலத்துக்கு மேல் போல்ட்டுக்குப் பிடிமானம் இருக்காது.

கொத்தனார் கலவை வைக்கும்போது அது வெற்றிடத்துக்குள் விழுவதுதான் இந்தக் கட்டின் பெரிய குறை. விழுந்த கலவை அடியில் சேர்ந்து, வெளிக்கல்லையும் உள்கல்லையும் இணைத்து, மழை ஈரத்தை உள்ளே கடத்தும். இதற்கு ஒரு எளிய கருவி போதும்: மூன்று அங்குல அகலத்தில் நாலடி நீள மரச்சட்டம், இரண்டு முனையிலும் கைப்பிடிக்குக் கயிறு. வெற்றிடத்தின் மேல் சட்டத்தைப் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் கரணையால் கலவையைப் பரப்பிவிட்டுச் சட்டத்தைத் தூக்கினால், சிந்திய கலவை சட்டத்தோடு வந்துவிடும். முதல் நாள் கொத்தனார் அலுத்துக்கொள்வார். மூன்றாம் நாள் அவரே சட்டத்தைத் தேடுவார்.

கலவை 1:6, ஒரு பங்கு சிமென்ட்டுக்கு ஆறு பங்கு மணல். கல்லை முதல் நாளே நனைத்துவையுங்கள். ஏழு நாள் நீராற்றும்போது மேலிருந்து ஹோஸ் வைத்து வெற்றிடத்தை நிரப்பாமல், இரு முகத்திலும் தெளித்தால் போதும். வெளிப்பக்கம் பூசாமல் பாயிண்டிங் (கல் இடுக்குகளைக் கலவையால் அடைப்பது) மட்டும் செய்வதானால் கூரையை 2 அடி வெளியே நீட்டுங்கள்.

அழுத்திய மண் கல் கிடைக்கும் ஊரில் அதையும் யோசிக்கலாம். ஆரோவில் பகுதியில் 24-க்கு 24-க்கு 9 சென்டிமீட்டர் அளவில், சுமார் 5 சதவீதம் சிமென்ட் கலந்து, சூளையில் சுடாமல் 28 நாள் நீராற்றிச் செய்கிறார்கள். ஆனால் இரண்டு அறைக்காக மெஷின் வரவழைத்து மனையிலேயே அடிப்பது கட்டுப்படியாகாது. லாரித் தூரத்தில் கிடைத்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் ராட் ட்ராப்பே நல்லது.

கூரை: ஓடு பதித்த ஸ்லாப்

கான்கிரீட் ஸ்லாபின் கீழ்ப்பாதி இழுவிசையைக் கம்பிதான் தாங்குகிறது. அங்கே இருக்கும் கான்கிரீட் பெரும்பாலும் வெறும் எடை. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓட்டை வைப்பதுதான் ஃபில்லர் ஸ்லாப். 12-க்கு 14 அறைக்கு 5 அங்குல ஸ்லாப் என்றால் 70 கன அடி கான்கிரீட். சுவரிலிருந்து 9 அங்குலம் விட்டு, ஓடுகளுக்கு நடுவே 4 அங்குலம் இடைவெளி வைத்தால் சுமார் 60 ஜோடி ஓடு உட்காரும். 15 கன அடி கான்கிரீட், அதாவது மூன்றரை மூட்டை சிமென்ட் மிச்சம். உடைசலுக்கும் சேர்த்து 135 ஓடு வாங்கிவையுங்கள்.

கம்பியை மட்டும் மேஸ்திரியின் வாய்க்கணக்குக்கு விடாதீர்கள். கம்பி எல்லாம் ஓட்டுக்கு நடுவே உள்ள பட்டைகளில்தான் ஓடும், அதனால் வழக்கமான இடைவெளிக் கணக்கு இங்கே பொருந்தாது. இன்ஜினீயர் வரைந்து கையெழுத்திட்ட தாள் சைட்டில் இருக்க வேண்டும்.

ஓட்டை இரண்டு மணி நேரம் தண்ணீரில் ஊறவிடுங்கள். காய்ந்த ஓடு கான்கிரீட்டின் தண்ணீரை உறிஞ்சிவிடும். இரண்டு ஓட்டை எதிரெதிராகக் கவிழ்த்து, ஓரத்தைக் கலவையால் அடைத்தால் உள்ளே காற்று நிற்கும், சிமென்ட் பால் இறங்காது. கான்கிரீட் போடும் நாளில் ஆட்கள் ஓட்டின் மேல் நடக்காதபடி பலகை போடுங்கள். வைப்ரேட்டர் ஊசியைப் பட்டைகளில் மட்டும் இறக்கச் சொல்லுங்கள். ஃபேன் கொக்கி வரும் இடத்தில் ஓடு வேண்டாம். குளியலறைக்கு மேல் ஓடு பதிக்கவே கூடாது, அங்கே முழு கான்கிரீட்.

மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து 10 அடிக்கு 2 அங்குலம் சரிவு கொடுத்துத் தட்டோடு பதியுங்கள், அல்லது வெள்ளைக் குளிர்ப்பூச்சு அடியுங்கள். வெள்ளை வருஷத்தில் அழுக்காகிவிடும். பங்குனியில் கழுவி மறுபடி அடித்தால்தான் கோடைக்கு உதவும்.

இரண்டும் சேரும் இடம்

நடையின் கூரை கனமில்லாமல் இருக்கட்டும்: இரும்புப் பைப், ரீப்பர், மேலே மங்களூர் ஓடு, ஆங்காங்கே வெளிச்சத்துக்குக் கண்ணாடி ஓடு. இந்தக் கூரை முழுவதும் புதுக்கட்டடத்தோடு சேர்ந்தது. பழைய வீட்டுப் பக்கம் அது சுவரில் ஏறி உட்காராமல், சுவருக்கு 6 அங்குலம் முன்னால் தனிப் பைப் கால்களில் நிற்கட்டும். சரிவு பழைய வீட்டை நோக்கி இருக்கக்கூடாது. பக்கவாட்டிலோ புதுக்கட்டடத்தை நோக்கியோ இறங்கி ஒரு கால்வாயில் விழ வேண்டும்.

பழைய சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே உள்ள அந்த 6 அங்குலத்தை அலுமினியத் தகடு மூட வேண்டும். பழைய சுவரில் கட்டர் மெஷினால் ஓர் அங்குல ஆழத்துக்குக் கோடு போட்டு, தகட்டின் மேல் விளிம்பை மடித்து உள்ளே செருகி, சீலன்ட் வைத்து அடையுங்கள். மறு விளிம்பு ஓட்டின் மேல் 6 அங்குலம் ஏறிப் படுத்திருக்கட்டும், அதில் ஆணி கூடாது. இரண்டு பக்கமும் ஆணி அடித்த தகடு கட்டடம் கொஞ்சம் நகர்ந்ததும் கிழியும். ஒரு பக்கம் மட்டும் பிடித்த தகடு வழுக்கிக்கொண்டு பிழைக்கும்.

தரையிலும் அப்படித்தான். டைல்ஸை ஒரே பரப்பாகப் பழைய வீட்டிலிருந்து புதியதுக்கு ஓட்டினால், சேரும் கோட்டிலேயே முதல் டைல் வெடிக்கும். அந்தக் கோட்டில் இரு பக்கத்து டைல்ஸையும் நிறுத்தி, மேலே ஒரு கடப்பைக் கல்லை ஒரு பக்கம் மட்டும் பதித்து, மறுபக்கம் சும்மா உட்காரவிடுங்கள். இந்தக் கோட்டைத் தாண்டும் மின் பைப்பில் கம்பியைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள். கழிவுநீர்க் குழாயைச் சுவரில் சிமென்ட் வைத்து இறுக்காமல் ஸ்லீவுக்குள் விடுங்கள்.

நடைக்கு இடமே இல்லை, சுவரோடு சுவர்தான் என்றால், ஒன்றரை அங்குலம் தெர்மகோல் வைத்துப் புதுச்சுவரைத் தனியாக எழுப்புங்கள். மொட்டை மாடியில் இரண்டு பக்கமும் 9 அங்குலக் கட்டை கட்டி, மேலே தொப்பி போல ஒரு தகடு, ஒரு பக்கம் மட்டும் போல்ட்.

கதவு திறப்பதைக் கடைசி வேலையாக வையுங்கள். அதுவரை வீட்டுக்குள் தூசி வராது. புதிய இடத்தில் சுவரை உடைக்காமல், ஏற்கெனவே இருக்கும் ஜன்னலின் அடிச்சுவரை மட்டும் கட்டரால் வெட்டி எடுத்தால், மேலே லிண்டல் முன்பே இருக்கிறது. சுவருக்கு எந்தச் சுமை மாற்றமும் இல்லை. ஜன்னல் 3 அடி அகலம் இருந்தால் அதுவே நல்ல கதவு. அகலப்படுத்தியே ஆக வேண்டும் என்றால், கூரைக்கு முட்டு கொடுத்து, சுவரின் பாதிக் கனத்தை மட்டும் குடைந்து ஒரு லிண்டல் செருகி, மேலே இறுக்கமாகக் கலவை திணித்து, ஏழு நாள் விட்டு, பிறகே மறுபாதியைத் தொடுங்கள். லிண்டல் இரண்டு பக்கமும் 9 அங்குலம் சுவரில் உட்கார வேண்டும்.

பழைய சுண்ணாம்புச் சுவரை உடைத்த இடத்தில் சிமென்ட் பூச்சு ஒட்டாது. ஒட்டினாலும் ஈரத்தை உள்ளே பூட்டி, இரண்டாம் வருஷம் அட்டையாகக் கழன்று விழும். நீற்றிய சுண்ணாம்பும் மணலும் 1:3, கடுக்காய் ஊறிய தண்ணீரில் குழைத்து மெல்லிய இரண்டு கோட்டாகப் பூசுங்கள்.

புதுப்பகுதி பழையதைப் போலவே தோன்ற வேண்டியதில்லை. போலியாகப் போட்ட தூணும் வளைவும் பழைய வீட்டையும் சேர்த்து மலிவாக்கும். லிண்டல் மட்டம், ஜன்னல் அகலம் இரண்டையும் பழைய வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டால் போதும், கண்ணுக்கு இரண்டும் ஒரே குடும்பமாகத் தெரியும். இடித்த வீடுகளின் தேக்குக் கதவு, நிலை காரைக்குடி போன்ற ஊர்க் கடைகளில் கிடைக்கும். நிலையை முதலில் வாங்கி, அந்த அளவுக்குச் சுவரில் வழி விடுங்கள். பிறகு வாங்கினால் அளவு சேராது.

மழை

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். சென்னை போல ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. பெய்யும் ஊரில் 500 சதுர அடிக் கூரை, வீணாவது போக, 50,000 லிட்டருக்கு மேல் தரும். முதல் தூறலின் அழுக்குத் தண்ணீரைத் தனிக் குழாயில் வெளியேற்றிவிட்டு, மற்றதை வடிகட்டிக் கிணற்றில் விடுங்கள். அஸ்திவாரத்தின் ஓரத்தில் ஊறவிடாதீர்கள், முக்கியமாக நடையின் அடியில்.

குடியேறிய பிறகு வரும் முதல் ஐப்பசி மழையில், பெய்துகொண்டிருக்கும்போதே குடை பிடித்துப் பின்பக்கம் போய்ப் பாருங்கள். தகட்டின் செருகிய விளிம்பில் ஈரம் இறங்குகிறதா, கால்வாய் நிரம்பி வழிகிறதா, கடப்பைக் கல்லின் பதிக்காத பக்கம் எவ்வளவு விலகியிருக்கிறது? கல்லின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்த மழையிலும் அதே கோட்டில் நின்றால், அதுவரை தள்ளிவைத்த வெளிப்பூச்சையும் பெயிண்டையும் அப்போது முடித்துக்கொள்ளலாம்.